நீதி கேட்காமல் கதை படிப்பது: பிள்ளைகளோடு ஒரு சிறுகதையை ஊன்றிப் படிக்க முழு வழிகாட்டி

கதை முடிந்த கையோடு "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்பது நமக்கெல்லாம் ஊறிப்போன பழக்கம். பிள்ளைகளுக்கும் பதில் ஊறிப்போயிருக்கிறது. பேராசைப்படக் கூடாது, ஒற்றுமையாக இருக்க வேண்டும், பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்றைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்பது எட்டு வயதிலேயே புரிந்துவிடுகிறது. கதையைத் திறக்காமலே சொல்லிவிடக்கூடிய பதில்கள் இவை. அதனால் கதைக்கும் பதிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நீதியைக் கேட்பதற்குப் பதிலாக வேறொரு கேள்வியைப் பழகலாம்: "அது உனக்கு எந்த இடத்தில் தெரிந்தது?" பிள்ளை எதைச் சொன்னாலும் சரி. "அவன் பாவம்" என்றால், எந்த இடத்தில்? "அவங்க ஏழைங்க" என்றால், எந்த வரியில்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிக் கதைக்குள் திரும்பிப் போகும் பிள்ளைக்கு ஊன்றிப் படிப்பது தானாக வந்துவிடும். கதையை நம் அன்றாடத்தோடு சேர்த்துப் பார்ப்பதும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கும். இங்கே சொல்லியிருப்பவை பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்தவை. வீட்டில் ஒரு பிள்ளையோடும் செய்யலாம், வகுப்பிலும் செய்யலாம்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் எதுவும் கையில் நிற்காது. அதனால் ஒரே கதையை எடுத்துக்கொள்கிறேன்: கி. ராஜநாராயணன் எழுதிய 'கதவு'. படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லக்ஷ்மியும் தம்பி ஸ்ரீநிவாசனும் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒருகாலத்தில் நன்றாக வாழ்ந்த அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அந்தக் கதவு. அப்பா மணிமுத்தாறில் கூலி வேலைக்குப் போயிருக்கிறார். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று நுழைகிறது. கைக்குழந்தை நோய்கண்டு இறந்துவிடுகிறது. பிறகு ஒருநாள், கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தக் கதவைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

முதல் படி: கதையை நீங்கள் முந்திப் படியுங்கள்

தேர்வு செய்யும்போது நான் மூன்று விஷயம் பார்ப்பேன். ஒரே அமர்வில் வாசித்து முடிக்க வேண்டும். தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளோ இடமோ கதையின் நடுவில் இருக்க வேண்டும். கடைசி வரியில் நீதி எழுதியிருக்கக் கூடாது. எழுதியிருந்தால் பிள்ளை யோசிக்க வேண்டியதை எழுத்தாளரே செய்துமுடித்துவிட்டார் என்று அர்த்தம்.

முன்கூட்டியே படிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'கதவு' கதையில் ஒரு குழந்தை இறக்கிறது. உங்கள் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், இந்தக் கதையை ஆறு மாதம் தள்ளிப்போடலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் இது வேண்டாம் என்பேன்.

படிக்கும்போது உங்களுக்கு விளங்காத ஒரு இடத்தையாவது குறித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் பெரிதும் உதவும். பதில் தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விக்கும், நிஜமாகவே தெரியாமல் கேட்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: முதல் வாசிப்பைக் கெடுக்காதீர்கள்

முதல் தடவை சத்தமாக, நிறுத்தாமல் வாசித்துவிடுங்கள். நடுவில் "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கதையின் ஓட்டத்தில் ஒரு சொல் புரியாமல் போனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. தலையாரி, தீர்வை மாதிரி கதைக்கு அச்சாணியாக இருக்கும் இரண்டு மூன்று சொற்களை மட்டும் ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். தலையாரி என்றால் கிராமத்துக் காவல்காரர், தீர்வை என்றால் நிலவரி. அது போதும். கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று அகராதியே தொகுத்தவர். அவர் கதையில் எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்லப் புறப்பட்டால் கதை பள்ளிக்கூடமாகிவிடும்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருந்தால், வாசிப்பை முழுக்க நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஊன்றிப் படிப்பதற்கு வேகமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காதால் கேட்டே அதைச் செய்யலாம். பேச்சு வழக்கில் வரும் உரையாடல்களைப் பேசுகிற மாதிரியே வாசியுங்கள். எழுத்தில் பார்த்துத் தடுமாறிய பிள்ளை, காதில் விழுந்ததும் "ஓ, இதுவா" என்று பிடித்துக்கொள்ளும்.

முடிந்ததும் சும்மா இருங்கள். இது கேட்க எளிது, செய்வது கஷ்டம். நமக்கு உடனே வாய் துடிக்கும். தண்ணீர் குடிக்கப் போங்கள், ஏதாவது செய்யுங்கள். முதல் பேச்சு பிள்ளையிடமிருந்து வரட்டும். "ஏன் கதவைப் போய் எடுத்துட்டுப் போனாங்க? வேற எதாவது எடுத்திருக்கலாமே" என்று வரலாம். அப்படி வந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றுமே வரவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி: "எந்த இடத்தில் உனக்குக் கொஞ்சம் என்னவோ போல இருந்தது?" பதில் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பென்சிலோடு இரண்டாம் வாசிப்பு

இது இரண்டு நாள் கழித்து. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கதையை நகலெடுத்துக் கொடுத்தால் நல்லது, நூலகப் புத்தகத்தில் கிறுக்க முடியாது. இரண்டே குறிகள் போதும்: புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி, திரும்ப வரும் எதற்கும் ஒரு வட்டம்.

அந்த வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல சிறுகதையில் ஒரு செயல் இரண்டாம் முறை வருகிறது என்றால் அது தற்செயல் இல்லை. 'கதவு' கதையின் தொடக்கத்தில், எல்லோரும் டிக்கெட்டுக்கு முண்டியடிக்கும்போது லக்ஷ்மி ஒரு துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். விளையாட்டின் சந்தடியில் அந்த வரி கண்ணில் படவே படாது. கதையின் கடைசியில், கரையான் பற்றிய அதே கதவைத் தன் பாவாடையால் துடைக்கிறாள். முதல் வாசிப்பில் இதைப் பெரியவர்களும் விட்டுவிடுவார்கள். இரண்டாம் வாசிப்பில் ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நீங்களாகப் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள். "லக்ஷ்மி என்னென்ன செய்யறான்னு மட்டும் ஒரு பட்டியல் போடலாமா?" என்று கேளுங்கள். ஒரு ஆளை மட்டும் பின்தொடர்ந்து பட்டியல் போடுவது எந்தக் கதைக்கும் பொருந்தும் வழி. ஆள் என்ன செய்கிறார், எதைத் தொடுகிறார், யாரைப் பார்க்கிறார் என்பதை மட்டும் எழுத வேண்டும். 'நல்லவள்', 'அன்பானவள்' என்றெல்லாம் எழுதக் கூடாது. பட்டியல் முடிந்த பிறகு, "சரி, இதை எல்லாம் செய்கிற பெண் எப்படிப்பட்டவள்?" என்று கேட்கலாம். அப்போது வரும் பதிலுக்குப் பின்னால் ஆதாரம் இருக்கும்.

அடுத்தது, மாற்றிப் பார்ப்பது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் வேலை தெரியும். இதற்குக் கதைகூட வேண்டாம், ஒரு வாக்கியம் போதும். 'அம்மா தட்டை வைத்தாள்.' 'அம்மா தட்டை நகர்த்தினாள்.' 'அம்மா தட்டை ணங்கென்று வைத்தாள்.' மூன்றிலும் சோறு ஒன்றுதான். எந்த வீட்டில் சண்டை நடந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பிறகு கதைக்குத் திரும்புங்கள். ஸ்ரீநிவாசன் வெறுங்கையால் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறான். 'வெறுங்கையால்' என்பதை எடுத்துவிட்டால் என்ன குறைகிறது? குறைகிறதா இல்லையா? சில சமயம் பிள்ளை "ஒண்ணும் குறையல" என்று சொல்லும். அதுவும் பதில்தான், ஏன் என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொரு இடம் சொல்லியே ஆக வேண்டும். கதவைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு சிறுவன் நாகஸ்வரம் வாசிப்பதுபோல் சத்தம் எழுப்பிக்கொண்டு முன்னால் நடக்கிறான். ஊர்வலம் மாதிரி. அந்த வேடிக்கையில் ஸ்ரீநிவாசனும் சேர்ந்துகொள்கிறான். தன் வீட்டுக் கதவு போகிறது, அதற்கு அவனே மேளம்! இந்த இடத்தில் நிறுத்தி, "அவனுக்கு என்ன நடக்கிறதுன்னு தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் சண்டை வரும். ஒன்று அவனை முட்டாள் என்கும், இன்னொன்று சின்னப் பையன்தானே என்கும். தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு பேரையும் கதைக்குள் அனுப்பி, அவனுக்கு எப்போது புரிந்தது என்று தேடச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கதை சொல்லாமல் விட்டது

இது சுருக்கமான படி. எழுத்தாளர் காட்டாமல் விட்ட காட்சிகள் எவை? தலையாரி அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்? அப்பாவுக்குச் செய்தி எப்படிப் போயிருக்கும்? இங்கே கற்பனைக்கு இடம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: கதையில் இருக்கும் எதற்கும் அது முரணாக இருக்கக் கூடாது. அப்பா லாட்டரியில் ஜெயித்து வருவதாகப் பிள்ளை எழுதினால் சிரித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இந்தக் கதைக்குள்ள அது நடக்குமா?" என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டுக்கும் தெருவுக்கும்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். "உன் வாழ்க்கையில் இது மாதிரி ஏதாவது நடந்திருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால், "எங்க வீட்லயும் கதவு இருக்கு" என்றுதான் பதில் வரும். பிள்ளை மேல் தப்பில்லை, கேள்வி அவ்வளவு அகலம். கதையில் பார்த்த ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

பொருளிலிருந்து தொடங்குவது சுலபம். அந்தக் கதவு காற்றைத் தடுக்கிறது, பஸ்ஸாக ஓடுகிறது, பழைய வாழ்வை நினைவூட்டுகிறது. உங்கள் வீட்டில் இப்படித் தன் வேலைக்கு மேல் வேறு வேலையும் பார்க்கும் பொருள் எது? பிள்ளையை வீட்டைச் சுற்றிவரச் சொல்லுங்கள். பாட்டியின் தையல் மெஷின், தாத்தா விற்க மறுக்கும் டிவிஎஸ் 50, மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல், பெயர் பொறித்த எவர்சில்வர் குடம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எப்போது வந்தது, யார் வாங்கியது, அது போய்விட்டால் வீட்டில் யாருக்கு வலிக்கும் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். நமக்கே தெரியாத குடும்பக் கதைகள் இதில் வெளிவரும். குடத்தில் பொறித்திருக்கும் பெயர் யாருடையது என்ற கேள்வியிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும்.

அப்புறம் வெளியுலகம். தீர்வை பாக்கிக்குக் கதவை ஜப்தி செய்வது பழைய காலம் என்று பிள்ளை நினைக்கும். தவணை கட்டாத பைக்கைத் தூக்கிக்கொண்டு போவதையும், பில் கட்டாத வீட்டில் ஃபியூஸைப் பிடுங்குவதையும் அது தெருவில் பார்த்திருக்கலாம். அதைச் சொல்லிக் கேட்கலாம்: எடுத்துக்கொண்டு போக வந்தவர் கெட்டவரா? அவருக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும்? அவர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதையில் தலையாரியும் கூலிக்கு வேலை பார்ப்பவர்தானே என்ற யோசனை இப்படித்தான் வரும். அப்பா போன மணிமுத்தாறு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடலாம். அங்கே உள்ள அணை 1950-களில் கட்டப்பட்டது. இன்று நம் ஊர்க் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருபவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது பல பிள்ளைகளுக்குத் தோன்றியே இருக்காது. அப்பா வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது வழி மனதுக்குள் போவது, அதனால் கவனம் வேண்டும். ஸ்ரீநிவாசன் புரியாமல் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டது மாதிரி நாமும் எதற்காவது சிரித்துவிட்டு அப்புறம் சங்கடப்பட்டிருப்போம். இதை வாயால் கேட்காதீர்கள், முக்கியமாக மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டவே வேண்டாம். வேண்டுமானால் ஒரு தாளில் எழுதி மடித்துத் தானே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் படிக்கக் கூடாது. வகுப்பில் இன்னும் எச்சரிக்கை தேவை. 'உங்கள் வீட்டில் கடன் உண்டா?' என்பது போன்ற கேள்வி ஒரு பிள்ளையைக் கூனிக்குறுக வைத்துவிடும். வறுமை, சாதி, அப்பாவின் குடி இதையெல்லாம் கதாபாத்திரத்தின் மேல் வைத்தே பேசுங்கள். தன் வீட்டைப் பற்றிப் பேச விரும்பும் பிள்ளை தானாகப் பேசும்.

வெளியே போய்வந்த பிறகு மறுபடி கதைக்குள் வர வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டியின் தையல் மெஷினைப் பற்றி எழுதி முடித்தவுடன், கதவைப் பிள்ளைகள் திரும்பக் கண்டுபிடிக்கும் கடைசிப் பத்தியை ஒருமுறை வாசியுங்கள். போன வாரம் வாசித்த அதே பத்திதான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிற அந்த இடம் முதலில் குழப்பமாக இருந்திருக்கும். இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். இந்தத் திரும்பி வருதல் இல்லாவிட்டால் கதை வெறும் சாக்காகப் போய்விடும்.

ஆறாம் படி: எழுதுவது, ஆனால் சுருக்கம் அல்ல

கதைச் சுருக்கம் எழுதச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை இன்று போனில் தட்டினால் கிடைத்துவிடும். கதவே பேசினால், தலையாரியின் மகள் சொன்னால், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னால் என்று ஆளை மாற்றி அரைப் பக்கம் எழுதட்டும். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் திருத்தாதீர்கள். பேச்சுத் தமிழில் எழுதினாலும் இருக்கட்டும். எழுத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சொல்பவர் மாறியதும் அவர் கண்ணில் படுவதும் மாறியிருக்கிறதா? தலையாரியின் மகளுக்கு ஸ்ரீநிவாசனின் விளையாட்டு எப்படித் தெரியும்?

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில்

ஒரு பாடவேளையில் உரக்க வாசிப்பு மட்டும். அடுத்த பாடவேளையில் பெஞ்சுக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு பெஞ்சும் தன் பத்தியில் ஒரு கேள்வியையும் 'இது முக்கியம்' என்று தோன்றும் ஒரு சொல்லையும் கண்டுபிடிக்க வேண்டும். கரும்பலகையில் வரிசையாக எழுதினால் கதையின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். கை தூக்குபவர்களே எப்போதும் பேசிக்கொண்டிருப்பதைத் தடுக்க, சொல்லைக் கண்டுபிடித்தவர் ஒருவர், அதை எழுந்து சொல்பவர் வேறொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வுக்கு இது வருமா என்று பெற்றோர் கேட்பார்கள். வராது.

எதை எங்கே தேடுவது

'கதவு' முடிந்த பிறகு இன்னும் இரண்டு கதைகள், இரண்டுமே கு. அழகிரிசாமி எழுதியவை. 'ராஜா வந்திருக்கிறார்' தீபாவளியும் புதுத்துணியும் அநாதையாக வந்து நிற்கும் ஒரு சிறுவனும் கலந்தது. கதையில் வரும் சிறுமி மங்கம்மாளின் கடைசிப் பேச்சில் இருக்கும் பெருமையை ஒரு பிள்ளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பாருங்கள். 'அன்பளிப்பு' கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கிடைக்கிறது, சாரங்கனுக்குக் கிடைக்கவில்லை. கதை சொல்பவர் அதைக் கவனிக்கவே இல்லை. சொல்பவர் கண்ணில் படாததை வாசிப்பவர் பிடிக்க வேண்டும் என்பதைப் பழக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. 'அன்பளிப்பு' தொகுப்புக்கு 1970-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல் என்ற ஒரே சிற்றூரிலிருந்து கி.ரா.வும் அழகிரிசாமியும் வந்திருக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைகள் போதும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் வருகின்றன. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பக்கத்துக் கிளை நூலகத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். பழைய சிறுகதைத் தொகுப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தூசியோடு இருக்கும்.

பிள்ளை முரண்டு பிடித்தால்

"போரடிக்குது" என்றால் எந்த இடத்தில் போரடிக்க ஆரம்பித்தது என்று கேளுங்கள். நிஜமாகவே கேளுங்கள், மடக்குவதற்காக அல்ல. சில கதைகள் நடுவில் தொய்வதுண்டு, அதைச் சரியாகச் சுட்டிக்காட்டும் பிள்ளை ஊன்றித்தான் படித்திருக்கிறது. கதையே பிடிக்கவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாதத்துக்கு ஒரு கதை இப்படிப் படித்தால் தாராளம். மற்ற நேரத்தில் காமிக்ஸோ பேய்க்கதையோ தன் இஷ்டத்துக்குப் படிக்கட்டும், அதில் எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள்.